நாத்தான் சொன்ன கதையும் நாம் வாங்கிய நுழைவுச்சீட்டும்

சென்ற கோடை விடுமுறையில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பமொன்று வெளிநாட்டுச் சுற்றுலா சென்று திரும்பியது. தந்தை திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்பவர். ஞாயிறு திருப்பலி தவறாதவர். ஊர் திரும்பிய வாரமே, திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நம்மைக் கண்டு, கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த ஒரு காட்சியைக் காட்டினார். நீலம் பூசிய தொட்டி. அதன் விளிம்பில் முழந்தாளிட்டிருக்கும் அவருடைய ஏழு வயது மகள். நீரிலிருந்து எழும்பி அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு மீளும் ஒரு டால்பின். "முத்தங் குடுக்குதுங்க சாமி! சிரிக்குது பாருங்க!" என்று துள்ளினாள் சிறுமி.

"நல்லது கண்ணு" என்று அவள் தலையில் கைவைத்து ஆசீர் அளித்து அனுப்பினோம். அதற்குமேல் ஒன்றும் சொல்ல நா எழவில்லை. அறைக்குத் திரும்பிய பின்னும் அச்சிறுமியின் சொல் நம்மை விடவில்லை. ஏனெனில் அதே சொல்லை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவனுக்கு நாமே சொல்லியிருந்தோம்.

1990-களின் இறுதி அது. நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது மறைக்கல்வி மாணவர்களைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். சாந்தோம் பேராலயம், பரங்கிமலை ஆகியவற்றைத் தரிசித்த பின், நகருக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் டால்பின்கள் துள்ளுவதைக் கண்டோம். கடலையே அதுவரை கண்டிராத கொங்குநாட்டுப் பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். ஒருவன் நம் அங்கியை இழுத்து, "ஏனுங் சாமி, அது சிரிக்குதுங்களா?" என்றான். "ஆமாம், நம்மைக் கண்ட மகிழ்ச்சி அதற்கு" என்றோம். அடுத்த ஞாயிறு மறையுரையிலும் அதையே எடுத்துரைத்து, படைப்பெல்லாம் படைத்தவரைப் போற்றுவதற்கு அதனைச் சான்றாக்கினோம். கேட்டவர்கள் பாராட்டவும் செய்தார்கள். அந்நாளில் பல்கேரியாவிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே இறந்துபோயின என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தோம்.

அக்குற்ற உணர்வே இக்கட்டுரைக்கு வித்து. பங்கு இளையோரைக் கூட்டி, மூன்று சனிக்கிழமை மாலைகளில் மூன்று ஆவணப்படங்களைப் பங்கு மன்றத்தில் திரையிட்டோம். கடல்வாழ் உயிர்களைச் சிறைவைப்பதையும் வேட்டையாடுவதையும் பற்றிய படங்கள் அவை. "கடலே இல்லாத ஊருக்கு இந்தப் படமெல்லாம் எதுக்குங்க சாமி?" என்று ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான வினா. அதற்கு விடை சொல்லவே இதனை எழுதுகிறோம்.

ஓர் அளவுகோல்

படங்களை எடைபோட நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். திரைக்கலையின் இலக்கணம் நாம் பயின்றதன்று. எனவே நாம் அறிந்த ஏட்டிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாமுவேல் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இறைவாக்கினர் நாத்தான், தாவீது அரசரிடம் ஒரு கதை சொல்லுகிறார். மந்தை மந்தையாக ஆடுகள் வைத்திருந்த செல்வன் ஒருவன். ஒரே ஓர் ஆட்டுக்குட்டியை மகளைப்போல் மடியில் வளர்த்த ஏழை ஒருவன். விருந்தாளி வந்தபோது செல்வன் தன் மந்தையைத் தொடாமல் ஏழையின் குட்டியை அடித்து விருந்து வைத்தான். கேட்ட அரசர் கொதித்தெழுந்து, அத்தகையவன் சாகவேண்டும் என்றார். அப்போதுதான் இறைவாக்கினர், அம்மனிதன் வேறு யாருமல்லன், அரசரே என்று சுட்டினார்.

கதையின் முற்பகுதி சினத்தை எழுப்புகிறது. பிற்பகுதி சினந்தவரையே குற்றவாளியாக நிறுத்துகிறது. முற்பகுதியோடு நாத்தான் எழுந்து போயிருந்தால், தாவீது தம்மை நீதிமான் என்றே எண்ணிக்கொண்டு அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருப்பார். ஆவணப்படம் ஒவ்வொன்றும் நாத்தானின் தொழிலைச் செய்யப் புறப்படுகிறது. அது கதையின் எந்தப் பகுதி வரை செல்லுகிறது என்பதே நம் கேள்வி.

சினத்தை எழுப்பும் படம்

முதல் மாலை 'தி கோவ்' படத்தைக் கண்டோம். கடற்குடா என்பது பெயரின் பொருள். லூயி சிஹோயோஸ் இயக்கி 2009-இல் வெளிவந்து, 2010-இல் சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் விருது பெற்றது. ஜப்பானின் வாகயாமா மாநிலத்திலுள்ள தைஜி என்னும் சிற்றூர் அதன் களம்.

அங்கு நடப்பது இது. டால்பின் செவியால் காணும் உயிர். தான் எழுப்பும் ஒலி எதிரொலித்துத் திரும்புவதைக் கொண்டே அது வழியும் இரையும் அறிகிறது. படகுகளில் வரிசையாகச் செல்லும் மீனவர்கள் நீருக்குள் உலோகக் குழாய்களை இறக்கி அவற்றின்மேல் தட்டுகிறார்கள். டால்பின்களின் முன் ஒலியாலான ஒரு சுவர் எழும்புகிறது. அஞ்சிய கூட்டம் குடாவுக்குள் ஒதுங்க, வலை கட்டி வாயிலை அடைக்கிறார்கள். மறுநாள் பயிற்சியாளர்கள் வந்து காட்சிக்கு உகந்தவற்றைத் தெரிந்தெடுக்கிறார்கள். எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை அடுத்த குடாவில் இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன. செயற்கைப் பாறைகளுக்குள் ஒளிப்பதிவுக் கருவிகளை மறைத்து இதனைப் படமாக்கினார்கள். நீர் செந்நிறமாகும் அக்காட்சியில் நம் மன்றத்தில் மூச்சொலி கூடக் கேட்கவில்லை.

படத்தின் நெஞ்சாக விளங்குபவர் ரிக் ஓபாரி. 1960-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஃபிளிப்பர்' என்னும் தொடருக்காக ஐந்து டால்பின்களைப் பிடித்துப் பழக்கியவர். உலகெங்கும் டால்பின் காட்சிக்கு மக்களிடையே ஆசை மூட்டியது அத்தொடர். அவற்றுள் கேத்தி என்னும் டால்பின் அவர் கைகளிலேயே உயிர்விட்டது. டால்பின் நம்மைப்போல் தன்னையறியாமல் மூச்சுவிடுவதில்லை. ஒவ்வொரு மூச்சும் அது எண்ணி இழுப்பது. கேத்தி அடுத்த மூச்சை வேண்டாமென்று விட்டுவிட்டது என்பது அவருடைய துணிபு. டால்பினின் சிரிப்பு வெறும் தாடையின் அமைப்பே என்று அவர் விளக்கும்போது நாம் தலைகுனிந்தோம். நாம் மறையுரையில் புகழ்ந்தது ஓர் எலும்பின் வளைவை.

படம் முடிந்ததும் இளையோர் கொதித்தார்கள். "ஜப்பான்காரங்களையே ஒதுக்கி வெக்கோணுங்க சாமி" என்றார் ஒருவர். படத்தின் குறை அங்கேதான் நமக்குப் புலனாயிற்று. தைஜி மக்கள் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாகத் திமிங்கல வேட்டையில் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய தரப்பை அமர்ந்து கேட்கப் படம் நேரம் ஒதுக்கவில்லை. கருவியைக் கையால் மறைக்கும் முகங்களாகவும், துரத்தும் உருவங்களாகவும் மட்டுமே அவர்கள் வந்துபோகிறார்கள். இக்குறையை உணர்ந்தே, மெகுமி சசாகி என்னும் ஜப்பானியப் பெண்மணி 2016-இல் 'எ வேல் ஆஃப் எ டேல்' என்னும் படத்தில் அவ்வூராரைப் பேசவைத்தார். ஊரை இழிவுபடுத்திவிட்டு அவ்வூரின் மனத்தை மாற்ற இயலுமா?

ஆயினும் 'தி கோவ்' உண்மையை மறைக்கவில்லை. உயிரோடு விற்கும் டால்பினுக்குக் கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டால் இறைச்சியின் விலை ஒரு பொருட்டன்று என்பதைச் சொல்லுகிறது. வேட்டைக்கு உயிரூட்டுவது காட்சிப்பூங்கா. பூங்காவுக்கு உயிரூட்டுவது நுழைவுச்சீட்டு. இது படத்தில் சொல்லாக உண்டு. குருதியின் நிறம் அச்சொல்லை மூழ்கடித்துவிட்டது. அதனால்தான் நம் இளையோர் நினைவில் மீனவர்கள் நின்றார்கள். சீட்டு வாங்கியவர்கள் நிற்கவில்லை. 2015-இல் உலக உயிரியல் பூங்காக்களின் சங்கம் நெருக்கியதன் பேரில், ஜப்பானியப் பூங்காக்களின் சங்கம் தைஜி வேட்டையில் பிடிபட்ட டால்பின்களை வாங்குவதைத் தன் உறுப்பினர்க்குத் தடைசெய்தது. படம் கிளப்பிய எதிர்ப்புக்கு அதில் பங்குண்டு. ஆனால் வேட்டை நிற்கவில்லை. ஆண்டுதோறும் செப்டம்பரில் தொடங்கிவிடுகிறது.

அறிக்கையிடவைக்கும் படம்

இரண்டாம் மாலை 'பிளாக்ஃபிஷ்'. கேப்ரியெலா கௌபர்த்வெயிட் இயக்கி 2013-இல் வெளிவந்தது. டால்பின் குடும்பத்தில் மிகப் பெரிதான ஓர்க்கா என்னும் கடலுயிரைப் பற்றியது. 1983-இல் ஐஸ்லாந்துக் கடலில், தாயைவிட்டுப் பிரியாத இளங்கன்றாகப் பிடிக்கப்பட்ட திலிக்கம் அதன் நாயகன். முப்பது ஆண்டுச் சிறைவாழ்வில் மூன்று மனித உயிர்களின் இழப்பில் அது சம்பந்தப்பட்டது. 2010-இல் இறந்தவர் அதனோடு பழகிய பயிற்சியாளரே.

இப்படத்தில் குருதி மிகக் குறைவு. பேசுபவர்களுள் மிகுதியானோர் முன்னாள் பயிற்சியாளர்கள். பார்வையாளர்க்கு முன் தாங்கள் ஒப்பித்த பொய்களை அவர்களே எடுத்துச் சொல்லுகிறார்கள். விலங்கு மகிழ்ச்சியாக இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொன்ன இளமைக் காலத்தை நினைத்து வெட்கப்படுகிறார்கள். 1970-இல் வாஷிங்டன் மாநிலக் கடலில் கன்றுகளைப் பிடித்த குழுவில் இருந்த முக்குளிப்பாளர் ஒருவர், கன்று வலையில் கதற, குடும்பம் முழுவதும் விலகிப் போகாமல் அங்கேயே நின்று குரல் கொடுத்ததைக் கூறி அழுகிறார். வாழ்வில் தாம் செய்தவற்றுள் மிகக் கொடியது அதுவே என்கிறார். முப்பது ஆண்டுகளாக ஒப்புரவு அருட்சாதனத்தில் மக்களின் குரலைக் கேட்டுவரும் நமக்கு, அக்குரல் பழக்கமான குரலாக இருந்தது.

குற்றத்தைச் செய்தவரே சாட்சி சொல்லும்போது பார்ப்பவனுக்குச் சினத்தில் ஒதுங்க இடமில்லை. மேடையில் நின்றவர் வெட்கப்பட்டால், எதிரே அமர்ந்து கைதட்டியவன் என்ன செய்வான்? இப்படத்தைக் கண்ட அமெரிக்க மக்கள் யாரையும் திட்டிவிட்டு ஓயவில்லை. சீட்டு வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்கள். பூங்கா நிறுவனத்தின் வருகையாளர் தொகையும் பங்குவிலையும் சரிந்தன. 2016 மார்ச்சில் அந்நிறுவனம் ஓர்க்காக்களை இனப்பெருக்கம் செய்வதை நிறுத்துவதாகவும், தன்னிடம் உள்ளவையே கடைசித் தலைமுறை என்றும் அறிவித்தது. 2019-இல் கனடா, திமிங்கலங்களையும் டால்பின்களையும் சிறைவைப்பதைச் சட்டத்தால் தடைசெய்தது. திலிக்கமோ 2017 சனவரியில் தொட்டியிலேயே இறந்தது.

இப்படத்துக்கும் ஒருதலைப் பார்வை உண்டு. நிறுவனம் பேட்டிக்கு இசையவில்லை என்று கூறி, அதன் தரப்பு வாதங்களை வலுவாக எடுத்து வைக்காமலே மறுக்கிறது. ஆனால் நாத்தானின் கதையில் இரண்டாம் பகுதியை அது சொல்லிவிட்டது. அம்மனிதன் யார் என்பது அரங்கில் இருந்த எல்லோருக்கும் விளங்கிற்று.

பரிகாரம் வரை சென்ற படம்

மூன்றாவது படம் நம் நாட்டது. மைக் பாண்டே எடுத்த 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்', 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மோனத்தின் கரைகள் எனலாம். குஜராத் கடற்கரையில் திமிங்கலச் சுறாக்களைக் கொன்றுவந்ததைப் பற்றியது. பன்னிரண்டு மீட்டர் நீளத்தையும் தாண்டி வளரக்கூடிய, உலகின் மிகப் பெரிய மீன் அது. நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் சாதுவான உயிர், மனிதனைத் தீண்டாது. அதன் ஈரலெண்ணெயைப் படகுப் பலகைகளில் பூசிவந்தார்கள். 1990-களில் அதன் இறைச்சிக்கு வெளிநாட்டில் விலை கிடைக்கவே வேட்டை பெருகிற்று. கொக்கியால் குத்தி, மிதவையாகப் பீப்பாய்களைக் கட்டிவிடுவார்கள். ஆழத்தில் மூழ்கமுடியாமல் அலைந்து களைத்த மீனைக் கரைக்கு இழுப்பார்கள். அதனால் அம்மீனுக்கே பீப்பாய் என்று பெயர் வழங்கிற்று. உயிர்க்குப் பெயர் போய், அதைக் கொல்லும் கருவியின் பெயர் வந்துவிட்டது.

திரைக்கலை என்ற வகையில் மூன்றனுள் இதுவே எளியது. மறைகருவிகளின் பரபரப்பு இல்லை. நாடகத் திருப்பங்கள் இல்லை. உரைப்பவரின் குரல் சில இடங்களில் மிகையாகவும் ஒலிக்கிறது. பலனைக் கொண்டு பார்த்தால் இது முதலிடம் பெறும். படம் வெளிவந்த அடுத்த ஆண்டே, 2001-இல், இந்திய அரசு திமிங்கலச் சுறாவை 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு ஒரு மீனுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை.

ஆனால் சட்டம் வந்தவுடன் மீனவர் மனம் மாறிவிடவில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு. இங்கேதான் நாம் கற்கவேண்டிய பாடம் இருக்கிறது. 2004-இல் இந்திய வனவுயிர் அறக்கட்டளையும் குஜராத் வனத்துறையும் பிறரும் சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்கினார்கள். இராமகாதை சொல்வதில் புகழ்பெற்ற மொராரி பாபுவை அதற்கு அழைத்தார்கள். அவர் மீனவரிடம் சட்டப்பிரிவுகளைச் சொல்லவில்லை. இம்மீன் தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள். வாசலுக்கு வந்த மகளை வெட்டுவாருண்டோ என்று கேட்டார். பீப்பாய் என்ற பெயர் போய், அன்புக்குரியவள் எனப் பொருள்படும் 'வ்ஹாலி' என்ற பெயர் வந்தது. வளைகாப்பு முடித்து மகளை அழைத்துவரும் நம் கொங்குநாட்டுத் தாய்மார்க்கு இவ்வுவமை உறைக்கும் விதத்தை நாம் விளக்கவேண்டியதில்லை.

அதன்பின் மீனவர்கள் தங்கள் வலையில் சிக்கிய திமிங்கலச் சுறாக்களை, வலையை அறுத்து விடுவிக்கத் தொடங்கினார்கள். அறுபட்ட வலைக்கு அரசு ஈட்டுத்தொகை தந்தது. பின்னாளில் மீனவர் கைகளிலேயே ஒளிப்பதிவுக் கருவிகள் கொடுக்கப்பட்டன. தாங்கள் விடுவிப்பதைத் தாங்களே படம்பிடித்துச் சான்று காட்டினார்கள். இதுவரை நூற்றுக்கணக்கான மீன்கள் இவ்வாறு கடலுக்குத் திரும்பியுள்ளன. தைஜியில் கருவியைக் கண்டு மீனவன் முகத்தை மறைத்தான். குஜராத்தில் மீனவனே கருவியை ஏந்தினான். படம் காட்டிய குற்றத்தைச் சட்டம் தடுத்தது. போதகர் நாவால் மனம் திரும்பியது. ஈட்டுத்தொகையால் அம்மனமாற்றம் ஏழைக்குத் தாங்கத்தக்கதாயிற்று. மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்று நாம் மறைக்கல்வியில் சொல்லிக்கொடுக்கும் மூன்றும் அங்கு நிறைவேறின. இறுதி இரண்டுக்கும் படம் மட்டும் போதாது. ஒரு சமூகம் வேண்டும். அதற்கு உதவியவர் பிற சமயத்துப் பெரியவர் என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும்.

நம் மலையடிவாரத்தில்

கடலில்லா ஊருக்கு எதற்கு என்ற வினாவுக்கு இப்போது வருவோம். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில், கோவில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் பல ஆண்டுகள் நடைபெற்றது. நம் பங்குப் பிள்ளைகளும் வேலிக்கு வெளியே நின்று யானைகள் குளிப்பதையும் கரும்பு தின்பதையும் கண்டு களித்ததுண்டு. 2021 பிப்ரவரியில் அம்முகாமில், திருவில்லிபுத்தூர் கோவில் யானை ஜெயமால்யதா மரத்தில் கட்டப்பட்டு அடிவாங்கும் காட்சியை யாரோ கைப்பேசியில் பதிந்தார்கள். அது நாடெங்கும் பரவிற்று. பாகன் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுக் கைதானார். அக்காட்சியும் ஓர் ஆவணப்படமே. ஒரு நிமிடமும் நீளாத ஆவணப்படம்.

நாம் என்ன செய்தோம்? பாகனைச் சபித்தோம். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்ற நிறைவோடு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். காட்டில் கூட்டமாக வாழும் உயிரைத் தனியே கல்தளத்தில் நிறுத்தச் சொன்னவர் யார்? அஞ்சவைத்து அடக்கினாலன்றிக் கூட்டத்தின் நடுவே அதை நிறுத்த முடியாது என்றால், அந்த அடியைப் பாகன் கையில் கொடுத்தவர் யார்? துதிக்கையால் தலையில் ஆசி வாங்கிக் காசு கொடுத்த நம் எல்லோருடைய கையும் அப்பிரம்பில் இருந்தது. ஊர்வலத்துக்கு யானை வந்தால் சிறப்பு என்று எண்ணும் எந்தச் சமயத்தாரும் இதிலிருந்து தப்பமுடியாது.

அதற்கு நேர்மாறான படமொன்றும் நம் மலைகளிலிருந்து வந்தது. கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2022-இல் வெளிவந்து, 2023-இல் குறும் ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் பெற்றது. முதுமலைத் தெப்பக்காடு முகாமில் தாயிழந்த யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரின் கதை. பழங்குடி மக்களின் அன்பை அவ்வளவு மரியாதையோடு காட்டிய படம் அரிது. ஆனால் அது நம்மை எதுவும் கேட்கவில்லை. குட்டிகள் ஏன் தாயை இழக்கின்றன, காட்டின் ஓரத்தில் நாம் கட்டியவை எவை என்ற வினாக்களை மெல்லத் தொட்டுவிட்டு விலகிவிடுகிறது. விருது கிடைத்ததும் அக்குட்டிகளைக் காணத் தெப்பக்காட்டுக்குக் கூட்டம் திரண்டது. நம் பங்கிலிருந்தும் ஒரு வேன் போயிற்று. அந்த வேனில் நாமும் இருந்தோம். கண்ணீர் விட்டுப் படம் பார்த்தவர்கள், பார்த்தபின் செய்தது மற்றுமொரு சீட்டு வாங்கியதே.

'ஆள்' என்னும் சொல்

2013 மே 17-ஆம் நாள் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இந்தியாவில் டால்பின் காட்சிக்கூடங்கள் அமைக்க இசைவு தரலாகாது என்று சுற்றறிக்கை விடுத்தது. கொச்சி, மும்பை முதலிய இடங்களில் அவற்றை அமைக்க முயற்சிகள் நடந்துவந்த நேரம் அது. டால்பினின் பேரறிவை முன்னிட்டு, அதனை மனிதரல்லாத ஆளாகக் கருதவேண்டும் என்று அறிவியலார் சிலர் கருதுவதையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டிற்று.

குருமடத்தில் இறையியல் பயின்ற நமக்கு 'ஆள்' என்பது எளிதில் வழங்கத்தக்க சொல்லன்று. மூவொரு கடவுளைப் பற்றிப் பேச நம் முன்னோர் பாடுபட்டுத் தீட்டிய சொல் அது. அதை டால்பினுக்கு நீட்ட நம் மனம் தயங்குகிறது. ஆனால் சொல்லில் தயங்குவோர் முடிவிலும் தயங்கவேண்டியதில்லை. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2415 முதல் 2418 வரையுள்ள எண்களில், விலங்குகள் கடவுளின் படைப்புகள் என்பதால் அவற்றிடம் கனிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம் என்கிறது. தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது என்கிறது. உணவுக்கும் உடைக்கும் அவற்றைப் பயன்படுத்தலாம் என்றும், மனிதத் துயர் போக்கவேண்டிய பணத்தை அவற்றின்மேல் கொட்டலாகாது என்றும் அதே ஏடு வரம்பு கட்டுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' மடல், ஒவ்வோர் உயிர்க்கும் நமக்குப் பயன்படுவதற்கு அப்பால் தனக்கே உரிய மதிப்பு உண்டு என்று இன்னும் ஒரு படி மேலே செல்கிறது.

பசிக்கு மீன் பிடிக்கும் நெய்தல் நிலத்து நம் சகோதரரையும், வாழைத் தோட்டத்தில் இரவெல்லாம் யானைக்கு அஞ்சி விழித்திருக்கும் நம் மலையடிவார உழவரையும் இந்நெறி குற்றஞ்சாட்டவில்லை. 'தேவையின்றி' என்ற ஒரு சொல்லே நம்மைக் குறிபார்க்கிறது. அரைமணிக் களிப்பு தேவையாகுமா? நம் நாட்டில் தடையிருக்க, வெளிநாட்டுப் பயணத் திட்டத்தில் 'டால்பின் ஷோ' என்று அச்சிட்டிருப்பதைச் சேர்த்து நாம் பணம் கட்டுவது, தடையை மதிப்பதாகுமா?

எண்ணிக்கை நூலில் பிலயாம் தன் கழுதையை மும்முறை அடிக்கிறான். வழியில் நின்ற வானதூதர் கழுதைக்குத் தெரிந்தார். இறைவாக்கு உரைப்பவனுக்குத் தெரியவில்லை. கடவுள் கழுதையின் வாயைத் திறந்த பின்னரே அவன் கண் திறந்தது. டால்பினுக்கும் யானைக்கும் அவ்வாறு வாய் திறக்கப்படவில்லை. நல்ல ஆவணப்படம் அவற்றின் சார்பில் நம்மிடம் சில வினாக்களைக் கேட்கிறது. பிலயாமைப்போல் நாமும் அதுவரை கண்ணிருந்தும் காணாதவர்கள்.

மூன்றாம் படம் முடிந்த மறுநாள் அக்குடும்பத்தை அழைத்துப் பேசினோம். தந்தையைக் குறை கூறவில்லை. நாமும் சீட்டு வாங்கியவர் என்பதை முதலில் சொன்னோம். பின்பு சிறுமியிடம், "அது சிரிக்கலை கண்ணு. அதோட வாயே அப்படித்தான். வலிச்சாலும் அப்படியேதான் இருக்கும்" என்றோம். இருபத்தைந்து ஆண்டு தாமதித்துச் சொன்ன விடை. அவள் சற்று நேரம் கைப்பேசியையே பார்த்திருந்துவிட்டு, "அப்ப அதுக்கு வலிக்குதுன்னு எப்படிங்க சாமி தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டாள்.

மூன்று படங்களையும் ஒருங்கே வைத்து நோக்கினாலும் இதனினும் சிறந்த வினா நமக்குக் கிட்டவில்லை. அன்பியக் கூட்டங்களிலும் இளையோர் மன்றங்களிலும் இத்தகைய படங்களைத் திரையிடுங்கள். படம் ஓடும் நேரத்துக்கு இணையான நேரத்தைப் பேசுவதற்கு ஒதுக்குங்கள். குற்றவாளி யார் என்று கேட்டு முடித்துவிடாமல், நாம் வாங்கிய சீட்டு எது என்றும் கேளுங்கள். இவ்வாண்டு மறைக்கல்விச் சுற்றுலாவுக்குத் தூத்துக்குடிக் கடற்கரையைத் தெரிந்துகொண்டுள்ளோம். அங்கு டால்பின் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். தொலைவில் ஒரு முதுகு நீருக்கு மேல் எழுந்து மறைந்தால், அது சிரிக்கிறதா என்று இம்முறை எவரும் கேட்கமாட்டார்கள்.